டவுன் சிண்ட்ரோம் குழந்தை: தாம்பரம் வட்டாரப் பெற்றோர்கள் அறிந்திருக்க வேண்டியவை

பிள்ளை பிறந்த வீட்டில் இனிப்பு வாங்கி வைத்திருப்பார்கள். உறவினர்களுக்கு போன் போயிருக்கும். அந்த நேரத்தில் குழந்தைநல மருத்துவர் தகப்பனாரைத் தனியாக அழைத்து, "குழந்தைக்குக் குரோமோசோம் டெஸ்ட் ஒன்று எடுத்துப் பார்த்துவிடலாம்" என்கிறார். இரண்டு மூன்று வாரம் கழித்து ரிப்போர்ட் வருகிறது. 'டிரைசோமி 21' என்று அதில் எழுதியிருக்கிறது. அதுவரை தாயிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பாட்டியம்மாவுக்குச் சொல்வதா வேண்டாமா என்று வீட்டில் கிசுகிசுப்பு. அகீகாவைத் தள்ளிப் போடலாமா என்று ஒரு யோசனை.

நம் மஹல்லாக்களில் இப்படிப்பட்ட வீடுகள் நாம் நினைப்பதைவிட அதிகம். 700 முதல் 1000 குழந்தைகளில் ஒன்று டவுன் சிண்ட்ரோமுடன் பிறப்பதாக மருத்துவ உலகம் கணக்கிடுகிறது. அந்தக் குழந்தை பணக்கார வீடு, ஏழை வீடு பார்த்துப் பிறப்பதில்லை. ஆனால் அழுகையிலும் கிசுகிசுப்பிலும் கழிகிற முதல் ஆறு மாதம்தான் அந்தக் குழந்தையின் உயிரையே தீர்மானிக்கக்கூடிய காலம். எனவே தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர், வண்டலூர், மேடவாக்கம் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களுக்குப் பயன்படும் செய்திகளை இங்கே ஒன்றாகத் தருகிறோம்.

இது என்ன?

நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் 23 ஜோடி, அதாவது 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருபவை. கரு உருவாகும் முன் முட்டை அல்லது விந்தணு பிரியும்போது, 21-ஆம் குரோமோசோம் சரியாகப் பிரியாமல் ஒன்று கூடுதலாகச் சேர்ந்துவிட்டால் குழந்தைக்கு 47 குரோமோசோம்கள் அமைகின்றன. இதுதான் டவுன் சிண்ட்ரோம். இதன் அடையாளங்களை 1866-ல் பதிவு செய்தவர் ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர். காரணம் கூடுதல் குரோமோசோம்தான் என்பது 1959-ல் பிரான்சில் தெரியவந்தது. பழைய ஆட்கள் 'மங்கோல் குழந்தை' என்பார்கள். அது ஓர் இனத்தையும் குழந்தையையும் ஒருசேர இழிவு செய்யும் சொல். அதை நாம் விட்டுவிட வேண்டும்.

இது நோய் அல்ல, எனவே 'குணமாக்கும்' மருந்தும் கிடையாது. குணமாக்குவதாகச் சொல்லி லேகியமோ, ஊசியோ, தாயத்தோ யார் விற்றாலும் அது நம் பணத்துக்கும் அதைவிட முக்கியமாக நம் நேரத்துக்கும் நஷ்டம். ஆனால் இதனுடன் சேர்ந்து வரும் இதயக் கோளாறு, தைராய்டு குறைவு, காது, கண் பிரச்சினைகள் அனைத்துக்கும் சிகிச்சை உண்டு. 1983-ல் அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவரின் சராசரி ஆயுள் 25 ஆண்டுகள். இன்று அது ஏறக்குறைய 60. குரோமோசோம் மாறவில்லை. சிகிச்சையும் பராமரிப்பும்தான் மாறின.

யார் மீது குற்றம்?

யார் மீதும் இல்லை. தாய் எதைச் சாப்பிட்டாள், கிரகணத்தில் வெளியே வந்தாளா, யார் கண் பட்டது என்றெல்லாம் மாமியார் வீட்டில் பேசப்படும் பேச்சுக்கு எந்த அடிப்படையும் கிடையாது. பிரசவித்த உடம்போடு இருக்கும் பெண்ணை இப்படிக் குத்திப் பேசுவது பாவம்.

"சொந்தத்தில் கட்டியதால் வந்தது" என்பதும் சரியல்ல. நெருங்கிய உறவில் திருமணம் செய்வதால் தலசீமியா போன்ற, பெற்றோர் இருவரிடமிருந்தும் மறைந்து வரும் மரபணு நோய்களின் வாய்ப்பு கூடும். அது உண்மை. ஆனால் டவுன் சிண்ட்ரோம் அந்த வகையைச் சேர்ந்தது அல்ல.

தாயின் வயது கூடும்போது வாய்ப்பும் கூடுகிறது. 25 வயதில் சுமார் 1200-ல் ஒன்று, 35 வயதில் சுமார் 350-ல் ஒன்று, 40 வயதில் சுமார் 100-ல் ஒன்று. ஆனாலும் இளம் தாய்மார்களே அதிகம் பிள்ளை பெறுவதால், டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் பெரும்பாலோர் இளம் தாய்மார்களுக்கே பிறக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. சுமார் 95 சதவீதம் பேருக்கு இது தற்செயலாக நேர்வது. 3 முதல் 4 சதவீதம் பேருக்கு 21-ஆம் குரோமோசோமின் பகுதி இன்னொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. இதை 'டிரான்ஸ்லொகேஷன்' என்கிறார்கள். இந்த வகையில் தாயோ தந்தையோ தமக்கு எந்தக் குறையும் இல்லாமலேயே அதைச் சுமந்து கொண்டிருக்கக்கூடும். அப்படியானால் அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே முகத்தைப் பார்த்தே தெரிகிறது என்று சொல்லி கேரியோடைப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. குழந்தையின் ரிப்போர்ட்டில் டிரான்ஸ்லொகேஷன் என்று இருந்தால் கணவன், மனைவி இருவரும் பரிசோதனை செய்து கொள்ள வேண்டும்.

முதல் ஆறு மாதம்: இதயத்தைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவி இதயக் கோளாறு இருக்கிறது. இதய அறைகளுக்கு நடுவில் பெரிய ஓட்டை, வால்வுகள் சரியாகப் பிரியாமை ஆகியவை இவர்களிடம் அதிகம் காணப்படுபவை.

ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்கவில்லை என்பதால் இதயம் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. பிறந்த முதல் மாதத்திற்குள் எக்கோ ஸ்கேன் எடுத்தே தீர வேண்டும். பால் குடிக்கும்போது நெற்றியில் வியர்ப்பது, மூச்சு வாங்குவது, பாதியில் களைத்துத் தூங்கிவிடுவது, எடை ஏறாமல் இருப்பது, உதடு நீலமாவது ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள்.

தாமதம் ஏன் ஆபத்து? ஓட்டை வழியாக அதிக ரத்தம் நுரையீரலுக்குப் பாய்கிறது. மாதங்கள் செல்லச் செல்ல நுரையீரலின் ரத்தக் குழாய்கள் தடித்து இறுகிவிடுகின்றன. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு இது மற்றக் குழந்தைகளைவிடச் சீக்கிரம் நேர்கிறது. அந்த நிலை முற்றிவிட்டால் பிறகு அறுவைச் சிகிச்சையே செய்ய முடியாது. எனவே பெரிய ஓட்டைகளைப் பெரும்பாலும் ஆறு மாதத்திற்குள் சரி செய்துவிடுகிறார்கள். "கொஞ்சம் சதை போடட்டும், ஒரு வயசு ஆகட்டும்" என்று நாமாக முடிவெடுப்பது குழந்தைக்கு இருந்த ஒரே வாய்ப்பை இழக்கச் செய்துவிடலாம். எப்போது செய்வது என்பதை இதய மருத்துவர் சொல்லட்டும்.

பணம் இல்லை என்பதற்காகத் தள்ளிப் போடத் தேவையில்லை. எழும்பூரில் உள்ள அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்குத் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலிலேயே போய்விடலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பிறவி இதயக் கோளாறுக்கான அறுவைச் சிகிச்சைகள் அடங்கும். அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் அதைப் பயன்படுத்தலாம். காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பங்கள் பிரசவத்திற்கு முன்பே வாங்கி வைத்துக் கொள்வது நல்லது. இது தவிர 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பிறவிக் குறைகளைக் கண்டறிந்து இலவசமாகச் சிகிச்சைக்கு அனுப்ப மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் செயல்படுகின்றன. ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ கேட்டால் அங்கே அனுப்பி வைப்பார்கள்.

மற்றப் பரிசோதனைகள்

பிறந்த ஓரிரு நாட்களில் பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் சிறுகுடலில் அடைப்பு இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தைராய்டு பரிசோதனை பிறந்தவுடன், 6 மாதத்தில், ஒரு வயதில், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. தைராய்டு குறைந்தால் மூளை வளர்ச்சி இன்னும் பின்தங்கும். ஒரு சிறு மாத்திரையில் தடுக்கக்கூடிய இழப்பு இது.

காது கேட்கிறதா என்பதைப் பிறந்தவுடன் பார்க்க வேண்டும். பிறகும் தொடர்ந்து பார்க்க வேண்டும், காதுக்குள் நீர் கோப்பது இவர்களுக்கு அதிகம். "பேச்சு வரவில்லை" என்று நாம் கவலைப்படும் பிள்ளைக்குச் சில சமயம் காதுதான் கேட்டிருக்காது. கண்ணை ஆறு மாதத்திற்குள் ஒருமுறை காட்டுங்கள். புரை, மாறுகண், பார்வைக் குறைவு இருந்தால் சீக்கிரம் தெரிந்துவிடும்.

தடுப்பூசிகளை அட்டவணைப்படி போட்டுவிடுங்கள். இவர்களுக்குச் சளி எளிதில் நிமோனியாவாக மாறும். இரவில் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கழுத்து எலும்பின் இணைப்பு சிலருக்குத் தளர்வாக இருக்கும். குட்டிக்கரணம் போட வைக்காதீர்கள். நன்றாக நடந்த பிள்ளை திடீரெனத் தடுமாறினாலோ, கழுத்து வலி என்றாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ தாமதிக்கக் கூடாது.

தசைகள் தளர்வாக இருப்பதால் முதல் வாரங்களில் பால் உறிஞ்சச் சிரமப்படும். தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள். தாடையைக் கையால் தாங்கிப் பிடித்து, அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகள் பழகிக் கொள்கின்றன.

பயிற்சி எங்கே?

டவுன் சிண்ட்ரோம் குழந்தை எல்லாவற்றையும் கற்கும், ஆனால் மெதுவாகக் கற்கும். நடப்பதற்குச் சராசரியாக இரண்டு வயது ஆகலாம். பேச்சு அதைவிடத் தாமதமாகும். இந்தத் தாமதத்தைக் குறைப்பதுதான் ஆரம்பகாலப் பயிற்சி. இயன்முறை மருத்துவம், செயல்முறைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி மூன்றும் அதில் அடங்கும். "மூன்று வயசுக்கு மேல் பார்த்துக் கொள்ளலாம்" என்று விடாமல், கைக்குழந்தையாக இருக்கும்போதே தொடங்க வேண்டும்.

நம் பகுதிக்கு ஒரு வசதி இருக்கிறது. பல்வகை மாற்றுத்திறன் உடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமான நிப்மெட், 2005 முதல் முட்டுக்காட்டில் இயங்குகிறது. நாட்டின் பல மாநிலங்களிலிருந்து அங்கே பெற்றோர் வருகிறார்கள். நமக்கோ அது பக்கத்து ஊர். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போய் அடையலாம். வண்டலூர் பக்கம் இருப்பவர்கள் கேளம்பாக்கம், கோவளம் வழியாகப் போகலாம். மதிப்பீடு, ஆரம்பகாலப் பயிற்சி, சிறப்புக் கல்வி எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைக்கின்றன.

தி.நகரில் 1989 முதல் செயல்படும் மதுரம் நாராயணன் மையம், பிறப்பு முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறது. அங்கே பெற்றோரும் உடன் இருந்து கற்றுக்கொள்ள வேண்டும். இது சரியான முறை என்றே நாம் கருதுகிறோம். பயிற்சியாளரிடம் பிள்ளை இருப்பது வாரத்தில் சில மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் நம் வீட்டில். குளிக்கும்போது, சாப்பிடும்போது, உடை மாற்றும்போது பேசிக்கொண்டே செய்ய வைப்பதுதான் பெரிய பயிற்சி.

சென்னையிலேயே இதற்கு ஒரு முன்னோடி இருக்கிறார். மகளுக்கு டவுன் சிண்ட்ரோம் என்று அறிந்தபோது விளக்கம் சொல்லக்கூட ஆள் இல்லாத காலத்தில், டாக்டர் சுரேகா ராமச்சந்திரன் தானே தேடிக் கற்று, 1984-ல் ஒரு பெற்றோர் அமைப்பைத் தொடங்கினார். அதுதான் இன்றைய இந்திய டவுன் சிண்ட்ரோம் கூட்டமைப்பு. ஒரு தாய் தன் பிள்ளைக்காகத் தேடியது பல ஆயிரம் குடும்பங்களுக்கு வழியானது.

பள்ளிக்கூடமும் மதரஸாவும்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, 40 சதவீதத்திற்குக் குறையாத குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. பக்கத்திலுள்ள சாதாரணப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் பிள்ளைக்கு உண்டு. அரசு உதவி பெறும் பள்ளி எதுவும் குறைபாட்டைக் காரணம் காட்டிச் சேர்க்கை மறுக்கக் கூடாது. எல்லாப் பாடத்திலும் தேறாவிட்டாலும் பரவாயில்லை. தன் பெயரை எழுத, பணத்தை எண்ண, கடைக்குப் போய் வர, தன் உடலைத் தானே பேணிக்கொள்ளக் கற்றால் அது வாழ்நாள் லாபம்.

மதரஸாவுக்கும் அனுப்புங்கள். அறிவுத் தெளிவு இல்லாதவர் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது, அதாவது கேள்வி கணக்கு இல்லை, என்பது நபி (ஸல்) அவர்களின் வாக்கு. எனவே பிழையாக ஓதினால் பதற வேண்டியதில்லை, அடிக்கவும் கூடாது. ஆனால் பொறுப்பு இல்லை என்பதற்காகப் பங்கும் இல்லை என்று ஆக்கிவிடக் கூடாது. பார்த்துச் செய்வதில் இந்தப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். வாப்பாவின் பக்கத்தில் நின்று தொழுது தொழுதே தொழுகையைக் கற்றுக் கொள்வார்கள். ஸஃப்பில் நிற்கும் அந்தப் பிள்ளை சத்தம் போட்டால் திரும்பி முறைக்காமல் இருப்பது ஜமாஅத்தின் கடமை. பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முன்னிட்டுத்தான் 'அபஸ' அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின என்பதை நாம் அறிவோம். பிறகு அவர் பள்ளியில் பாங்கு சொல்பவராகவும் இருந்தார்.

அரசு உதவிகள்

முதலில் வாங்க வேண்டியது தனித்துவ அடையாள அட்டை. இணையத்தில் விண்ணப்பித்து அரசு மருத்துவக் குழுவிடம் சான்று பெற வேண்டும். எந்த மாவட்ட அலுவலகம் என்பதில் நம் பகுதியில் குழப்பம் உண்டு. தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் வட்டங்கள் செங்கல்பட்டு மாவட்டம். ஆலந்தூர், சோழிங்கநல்லூர் வட்டங்கள் சென்னை மாவட்டம். ஆதாரில் உள்ள முகவரியைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் அலைச்சல் மிச்சம்.

அந்த அட்டை இருந்தால் கிடைப்பவை: அறிவுசார் குறைபாடு உடையோருக்கு மாநில அரசின் மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2000 ரூபாய். தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு, இதில் சேர முன்கூட்டியே மருத்துவப் பரிசோதனை கிடையாது. துணையின்றிப் பயணம் செய்ய முடியாத பிள்ளைக்கும் உடன் செல்பவருக்கும் ரயிலில் படுக்கை வகுப்பு உள்ளிட்டவற்றில் 75 சதவீதக் கட்டணச் சலுகை. வருமான வரி கட்டுவோருக்குப் பழைய வரி முறையில் கழிவும் உண்டு.

தாம்பரம் பகுதியில் ரயில்வேயிலும் விமானப்படையிலும் வேலை பார்ப்பவர்கள் பலர். சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு, பெற்றோருக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் வாழ்நாள் முழுவதும் கிடைக்க மத்திய அரசு விதிகளில் இடம் இருக்கிறது. பணியில் இருக்கும்போதே பிள்ளையின் பெயரையும் குறைபாட்டையும் அலுவலக ஆவணத்தில் பதிவு செய்துவிடுங்கள்.

இன்னும் கடுமையானவை

18-ஆம் குரோமோசோம் கூடுதலாக இருந்தால் எட்வர்ட்ஸ் சிண்ட்ரோம், 13-ஆம் குரோமோசோம் என்றால் படாவ் சிண்ட்ரோம். இவற்றுடன் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் முதல் பிறந்தநாளைக் காண்பதில்லை. பத்தில் ஒருவர் அளவே அதைத் தாண்டுகிறார்கள். இங்கே பெற்றோர் முன் இருக்கும் கேள்வி வேறு. எந்தச் சிகிச்சை பலன் தரும், எது குழந்தைக்கு வேதனையை மட்டுமே நீட்டும் என்று மருத்துவரிடம் மனம் விட்டுக் கேளுங்கள். வலி இல்லாமல், தாயின் மடியில், பெயர் வைக்கப்பட்ட குழந்தையாக அது இருக்கும் நாட்கள் வீணான நாட்கள் அல்ல. அந்த வீட்டுக்கு "நல்ல வேளை, சீக்கிரம் போய்விட்டது" என்று ஆறுதல் சொல்லப் போகாதீர்கள். அது ஆறுதல் அல்ல.

அடுத்த கர்ப்பத்தின்போது

11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கப்படும் என்.டி. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் வாய்ப்பு எவ்வளவு என்று மட்டுமே சொல்லும். உறுதி செய்ய நஞ்சுக்கொடித் திசு அல்லது பனிக்குட நீர்ப் பரிசோதனை தேவை. 120 நாட்களுக்குப் பின், தாயின் உயிருக்கு ஆபத்து இருந்தாலன்றி, கருவைக் கலைப்பது கூடாது என்பது மார்க்க அறிஞர்களின் பொதுவான நிலை. அதற்கு முன் என்ன என்பதில் கருத்து வேறுபாடுகள் உள்ளன. மருத்துவர்கள் கடைசி மாதவிடாயிலிருந்து வாரங்களை எண்ணுகிறார்கள். கரு உருவான நாளிலிருந்து 120 நாள் என்பது அவர்கள் கணக்கில் ஏறக்குறைய 19 வாரம். ஐந்தாம் மாத ஸ்கேனுக்காகக் காத்திருப்பவர்கள் அந்த எல்லையில்தான் வந்து நிற்பார்கள். ஆகவே மூன்றாம் மாத ஸ்கேனைத் தவற விடாதீர்கள். நம்பிக்கைக்குரிய ஆலிமிடமும் மருத்துவரிடமும் நேரில் கேளுங்கள். பெற்றுக்கொள்வது என்று முன்பே முடிவு செய்திருந்தாலும் அறிந்து வைப்பது நல்லது. இதய மருத்துவ வசதியுள்ள இடத்தில் பிரசவம் பார்க்கலாம் அல்லவா?

நமக்குப் பின்?

ஒவ்வொரு தாயும் இரவில் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. பதில் இல்லாத கேள்வி அல்ல.

பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் சட்டத்தின் பார்வையில் பெற்றோர் தாமாகவே காப்பாளர் ஆகிவிடுவதில்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வக் காப்பாளர் நியமனம் பெற வேண்டும். நமக்குப் பின் அந்த இடத்துக்கு யார் என்பதையும் இப்போதே குடும்பத்தில் பேசி வையுங்கள்.

வாரிசுரிமையில் இந்தப் பிள்ளையின் பங்கு ஒரு பைசா குறையாது. "அவனுக்கு எதற்குச் சொத்து, நாங்கள்தான் பார்த்துக் கொள்கிறோமே" என்று அண்ணன் தம்பிகள் பாகத்தைப் பிரித்துக்கொள்வது அநியாயம். விவரம் போதாதவர்களின் பொருளை அவர்கள் கையில் கொடுத்துவிடாமல் பாதுகாத்து, அதிலிருந்து உணவும் உடையும் அளித்து, அவர்களிடம் நல்ல சொல்லும் பேச வேண்டும் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 5-ஆம் வசனம் வழி காட்டுகிறது. காப்பாளர் நிர்வகிக்கலாம், ஆனால் சொந்தமாக்கிக் கொள்ளக் கூடாது.

மற்றப் பிள்ளைகளையும் மறந்துவிடாதீர்கள். தம்பியைப் பற்றி அக்காவிடம் சிறு வயதிலேயே உண்மையைச் சொல்லுங்கள். நாளை அவனுக்குத் துணை அவள்தான். அதற்காக இன்றே அவளது விளையாட்டையும் படிப்பையும் பறித்து விடக் கூடாது.

ஜமாஅத்தினர் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை, சிறிதாகப் பல உண்டு. எழும்பூருக்குப் போகும் தாய்க்குத் துணையாக ஒருவர் போகலாம். விண்ணப்பம் நிரப்பித் தரலாம். நிக்காஹ் வீட்டுக்கு அழைக்கும்போது "பிள்ளையையும் அழைத்து வாருங்கள்" என்று ஒரு வார்த்தை சேர்க்கலாம். இந்தக் குழந்தைகள் வீட்டுக்குள் மறைக்கப்படுவது வெட்கத்தால் மட்டும் அல்ல. வெளியே நாம் பார்க்கும் பார்வையாலும்தான்.

அகீகாவைத் தள்ளிப் போடாதீர்கள். அழகான பெயர் வையுங்கள். பிறகு எக்கோ எடுக்கக் கிளம்புங்கள். அமானிதத்தைச் சுமக்கும் வலிமையையும் அதில் மகிழ்ச்சியையும் அல்லாஹ் அந்தப் பெற்றோர்களுக்குத் தருவானாக, ஆமீன்.